அம்மாவுக்கு ஒரு வெள்ளி, மகளுக்கு இரண்டு

2023 அக்டோபர் 4. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். இலங்கையின் தருஷி கருணாரத்ன 2 நிமிடம் 03.20 நொடியில் முதலில் வந்தார். அப்போது அவருக்கு வயது 18. பஞ்சாபின் ஹர்மிலன் பெயின்ஸ் 2:03.75-ல் இரண்டாவது. அவருக்குச் சுமார் ஒரு மீட்டர் பின்னால், 2:03.90-ல், சீனாவின் வாங் சுன்யூ. இந்த வாங் லேசுப்பட்ட ஆள் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் ஐந்தாவதாக வந்தவர். அவரை அவருடைய சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் மூன்றாமிடத்துக்குத் தள்ளித்தான் ஹர்மிலன் அந்த வெள்ளியை வாங்கினார். மூன்று நாள் முன்பு, அக்டோபர் 1 அன்று, 1500 மீட்டரிலும் அவருக்கு வெள்ளி கிடைத்திருந்தது.

இருபத்தோரு ஆண்டு பின்னால் போவோம். 2002 அக்டோபர், தென்கொரியாவின் பூசான். அதே ஆசியப் போட்டி, அதே பெண்கள் 800 மீட்டர். தங்கம் கேரளத்தின் பீனாமோளுக்கு. வெள்ளி வாங்கியவர் உத்தரப்பிரதேசத்தில் பிறந்து பஞ்சாபுக்கு வாழ்க்கைப்பட்ட மாதுரி சக்சேனா. பத்திரிகைகளில் மாதுரி சிங் என்றும் எழுதுவார்கள். அடுத்த ஆண்டு அவருக்கு அர்ஜுனா விருது கொடுத்தார்கள். பூசானில் அவர் ஓடியபோது ஊரில் அவருக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அந்தக் குழந்தைதான் ஹர்மிலன்.

ஹாங்சோவில் இந்தியா 107 பதக்கம் வென்றது. தடகளத்தில் மட்டும் 29. அவ்வளவு பெரிய அறுவடையில் இரண்டு வெள்ளி கண்ணில் படாமல் போய்விடலாம். பட்டாலும், அம்மாவும் ஓட்டக்காரி என்று தெரிந்தவுடன், “ரத்தத்துலயே இருக்குப்பா” என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவோம். எனக்கு அந்த வரியில் நம்பிக்கை குறைவு. ரத்தம் பொய் என்று சொல்லவரவில்லை. ஆனால் மாதுரி தன் மகளுக்குக் கொடுத்தவற்றில் ரத்தம்தான் எந்தச் செலவும் இல்லாமல் போனது. மற்றவற்றுக்கு அவர் நிறைய உழைக்க வேண்டியிருந்தது. மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த மற்றவைதான் முக்கியம்.

வயிற்றில் இருந்தபோதே ஒரு பந்தயம்

பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் இருக்கிறது மாஹில்பூர். கால்பந்துக்குப் பேர்போன சிற்றூர். ஹர்மிலன் 1998 ஜூலை 23 அன்று பிறந்தார். அப்பா அமன்தீப் பெயின்ஸும் ஓட்டக்காரர். தெற்காசியப் போட்டிகளில் 1500 மீட்டரில் பதக்கம் வாங்கியவர். அம்மா 800, அப்பா 1500. மகள் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

ஹர்மிலன் பேட்டிகளில் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் விளையாட்டு வீரர்களுக்கான வேலை வந்தது. வேலை வேண்டுமென்றால் ஓடிக் காட்ட வேண்டும். மாதுரி அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. ஓடினார். வேலை கிடைத்தது. வயிற்றில் இருந்தபோதே நான் ஓட ஆரம்பித்துவிட்டேன் என்று மகள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். ஆனால் இந்தக் கதையில் சிரிக்க அதிகம் இல்லை. கர்ப்பத்தை மறைத்தோ மறைக்காமலோ, ஓர் அரசு வேலைக்காக அந்த நிலையில் பந்தயம் ஓட வேண்டியிருந்தது என்றால் அந்த வேலை எவ்வளவு அவசியமாக இருந்திருக்க வேண்டும்! நம் ஊரில் மின்வாரிய வேலை என்றால் என்ன மரியாதை என்று எல்லோருக்கும் தெரியும். மாதம் பிறந்தால் சம்பளம். போட்டிக்குப் போனால் விடுப்பு. அடிபட்டுக் கிடந்தாலும் அடுப்பு எரியும். அந்தச் சம்பளம் இருந்த வீட்டில்தான் மாதுரி குழந்தை பெற்று, மறுபடி ஓடுதளத்துக்கு வந்து, நான்கு வருடத்தில் ஆசிய வெள்ளி வாங்கினார். அதே வீட்டில்தான் ஹர்மிலனும் வளர்ந்தார்.

இந்தியத் தடகளத்தின் முதுகெலும்பு என்றால் பலரும் கோச்சுகளைச் சொல்வார்கள், சிலர் விளையாட்டு விடுதிகளைச் சொல்வார்கள். நான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவைச் சொல்வேன். ரயில்வே, போலீஸ், ராணுவம், மின்வாரியம், எண்ணெய் நிறுவனங்கள் இவை சம்பளம் கொடுக்காமல் இருந்திருந்தால் நம் நாட்டில் 800 மீட்டர் ஓடிய பெண்களில் பாதிப்பேர் பள்ளிக்கூட சர்டிபிகேட்டோடு நின்றிருப்பார்கள்.

இரண்டு சுற்று என்பது எவ்வளவு தூரம்?

நூறு மீட்டர் யாருக்கும் புரியும். துப்பாக்கி வெடிக்கும், ஓடுவார்கள், முடிந்துவிடும். மாரத்தானும் புரியும், மும்பைக்காரர்களுக்கு ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது கடற்கரை ஓரமாகவே தரிசனம் தருகிறது. நடுவில் இருக்கும் 800, 1500 மீட்டர் ஓட்டங்கள்தாம் பார்ப்பவருக்குப் பிடிபடாதவை. வேகமும் வேண்டும், தம்மும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் தந்திரம் வேண்டும்.

800 என்பது டிராக்கில் சரியாக இரண்டு சுற்று. முதல் வளைவு முடியும்வரை ஒவ்வொருவரும் அவரவர் லேனிலேயே ஓட வேண்டும். அதன்பின் குறுக்கே ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டிய பிறகுதான் உள்பக்கம் வரலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்பக்கத்துக்குப் பாய்வார்கள். முழங்கை இடிக்கும், ஸ்பைக்ஸ் கீறும். இந்தக் கோட்டின் விலை என்ன என்று ஷைனி வில்சனைக் கேட்க வேண்டும். 1986 சியோல் ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த அவர், கோட்டுக்கு முன்பே லேனை விட்டு உள்ளே வந்துவிட்டார். தகுதி நீக்கம். கையில் இருந்த பதக்கம் போன மாதிரிதான். கேரளத்தில் பிறந்து, சென்னையில் இந்திய உணவுக் கழகத்தில் வேலை பார்த்த அதே ஷைனி, 1995-ல் சென்னை தெற்காசியப் போட்டியில் 1:59.85 ஓடி, இரண்டு நிமிடத்துக்குள் 800 மீட்டரை முடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். அப்போது அவர் ஒரு குழந்தைக்குத் தாய். அந்தச் சாதனையை 2010-ல் டின்டு லூகா 1:59.17 ஓடி முறியடிக்கப் பதினைந்து ஆண்டு ஆயிற்று.

1500 இன்னும் சிக்கல். மூன்றே முக்கால் சுற்று. லேன் கட்டுப்பாடு ஆரம்பத்திலிருந்தே கிடையாது. முன்னால் ஓடுகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர் அவர் நிழலில் சுகமாக வருவார். அதனால் பெரிய பந்தயங்களில் யாரும் முன்னால் போக விரும்பமாட்டார்கள். ஆமை வேகத்தில் போய், கடைசி 400-ல் தீ பற்றிக்கொள்ளும். ஹாங்சோவில் ஹர்மிலன் 1500 மீட்டரை 4:12.74-ல் முடித்தார். இரண்டு வருடம் முன்பு அவரே 4:05.39 ஓடியவர். அதைவிட ஏழு நொடிக்கு மேல் மெதுவாக ஓடித்தான் ஆசிய வெள்ளி வாங்கினார் என்றால் அந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்று புரியும். தங்கம் வாங்கியவர் பஹ்ரைனுக்காக ஓடும் வின்ஃபிரட் யாவி, 4:11.65. கென்யாவில் பிறந்தவர், அந்த ஆகஸ்டில்தான் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். மறு வருடம் பாரிஸில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். அவரிடம் ஒரு நொடி சொச்சத்தில் தோற்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட ஓட்டத்தில் எப்போது காத்திருக்க வேண்டும், யார் தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், சுற்றிலும் ஆள் சூழ்ந்து ‘பெட்டிக்குள்’ சிக்கிக்கொண்டால் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. பந்தயத்தில் அடிபட்டுக் கற்றவர் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. அப்படி அடிபட்ட இருவர் ஒரே வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பது எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்? ஹர்மிலனுக்கு ஓட்டத்தின் அரிச்சுவடி வீட்டிலேயே கிடைத்துவிட்டது. பிறகு மலையூரான தர்மசாலாவில் பயிற்சியாளர் சுரேஷ் சைனியிடம் அதைப் பட்டை தீட்டிக்கொண்டார்.

அம்மா பார்த்த சாதனை

பூசான் 2002-க்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தக் கதையின் இன்னொரு நூல் அங்கேதான் கட்டப்பட்டிருக்கிறது. மாதுரி வெள்ளி வாங்கிய அதே போட்டியில் பஞ்சாபின் சுனிதா ராணி 1500 மீட்டரில் 4:06.03 ஓடித் தங்கம் வென்றார். தேசிய சாதனை. சில நாளில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார் என்று செய்தி வந்தது, பதக்கங்களைப் பறித்தார்கள். ஆனால் சோதனை நடந்த ஆய்வகத்தின் அறிக்கையிலேயே குளறுபடி இருந்தது தெரியவந்து, 2003 தொடக்கத்தில் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாதனையும் நின்றது. நின்றது என்றால் பத்தொன்பது ஆண்டு நின்றது.

2021 செப்டம்பரில் தெலங்கானாவின் வாரங்கலில் தேசிய ஓபன் தடகளப் போட்டி. அங்கே 4:05.39 ஓடி அந்தச் சாதனையை முறியடித்தவர் ஹர்மிலன். சராசரியாக நூறு மீட்டருக்கு 16.4 நொடி, அதே வேகத்தில் பதினைந்து நூறு மீட்டர்கள், இடைவெளி இல்லாமல். தெருவில் ஓடிப் பழகிய வாலிபர் யாராவது ஒரே ஒரு நூறு மீட்டரை அந்த நேரத்தில் ஓடிப் பார்க்கட்டும், எதற்காக இதைச் சொல்கிறேன் என்று புரியும். அம்மா இருந்த அணியின் சக வீராங்கனை வைத்த சாதனையை மகள் உடைத்தார் என்பதை மாஹில்பூர் வீட்டில் எப்படிக் கொண்டாடினார்கள் என்று கற்பனை செய்து எழுத ஆசைதான். விட்டுவிடுகிறேன்.

அடுத்த ஆண்டே முழங்கால் மக்கர் செய்தது. அறுவைச் சிகிச்சை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி கைநழுவியது. ஓட்டக்காரர் குடும்பத்தில் பிறந்ததன் அடுத்த லாபம் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு முழங்கால் போனால் வீட்டில் என்ன பேச்சு வரும்? “போதும்மா, கல்யாணத்தைப் பார்க்கலாம்.” பிள்ளை பெற்ற பிறகு ஆசிய வெள்ளி வாங்கிய அம்மா இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சை யார் எடுக்க முடியும்? ஓராண்டு போனால் ஓராண்டுதான் போனது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். 2023-ல் ஹாங்சோ. 2024 பிப்ரவரியில் டெஹ்ரானில் நடந்த ஆசிய உள்ளரங்குப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம். பூசானில் அம்மாவுக்குக் கிடைக்காத நிறம்.

அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் இந்தியாவின் கே.எம்.தீக்ஷா 4:04.78 ஓடினார். ஹர்மிலனின் சாதனை மூன்று ஆண்டு தாங்கவில்லை. சுனிதாவின் பத்தொன்பதோடு ஒப்பிட்டால் இது நல்ல செய்திதான். இந்தியப் பெண்களின் 1500 மீட்டர் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டது.

ரத்தம் எவ்வளவு, சமையலறை எவ்வளவு?

விஞ்ஞானம் இதில் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் விட்டால் கட்டுரை அரைகுறை. வட அமெரிக்காவில் ‘ஹெரிடேஜ்’ என்ற பெரிய குடும்ப ஆய்வு நடந்தது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத குடும்பங்களைச் சேர்த்து, பெற்றோர், பிள்ளைகள் எல்லோரையும் இருபது வாரம் சைக்கிள் மிதிக்கவைத்து, உடம்பு ஆக்சிஜனை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று அளந்தார்கள். 1998, 1999-ல் வந்த முடிவுகள் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகின்றன. பயிற்சிக்கு முன் ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசத்தில் பாதிவரை குடும்பத்தோடு தொடர்புடையது; அதில் அம்மா வழிப் பங்கு மட்டும் சுமார் 30 சதவீதம் இருக்கலாம். பயிற்சியால் கிடைக்கும் முன்னேற்றத்திலும் 47 சதவீதம்வரை குடும்ப வழி. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது என்பதால் இந்த அம்மா கணக்கைப் பலரும் ஆசையோடு பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் ஆய்வாளர்கள் கவனமாகப் பயன்படுத்திய சொல், ‘குடும்ப ஒற்றுமை’. ஒரே குடும்பம் என்றால் ஒரே மரபணு மட்டுமா? ஒரே உலை, ஒரே படுக்கை நேரம், ஒரே ஊர்க்காற்று. எது ரத்தம், எது சமையலறை என்று முழுசாகப் பிரித்துக் காட்ட அந்தக் கணக்கால் முடியாது. சைக்கிள் மிதித்தவர்கள் யாரும் ஒலிம்பிக் ஓட்டக்காரர்களும் இல்லை.

உலகத்தில் இப்படி அம்மா–மகள் ஜோடிகள் அபூர்வம், ஆனால் உண்டு. எல்லோரும் சொல்வது ஸ்காட்லாந்தின் மெக்கோல்கன் குடும்பத்தை. லிஸ் மெக்கோல்கன் 1988 சியோல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் வெள்ளி வாங்கியவர். 1990 நவம்பரில் மகள் ஐலிஷ் பிறந்தார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1991 ஆகஸ்டில் டோக்கியோவில் உலகச் சாம்பியன். அப்பா பீட்டர், ஸ்டீபிள்சேஸ் ஓட்டக்காரர். 1986-லும் 1990-லும் அம்மா வென்ற அதே காமன்வெல்த் 10,000 மீட்டர் தங்கத்தை 2022-ல் மகள் வென்றார். பர்மிங்காம் அரங்கில் லிஸ் ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்ட காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாஹில்பூர் வீட்டுக்கும் அந்த ஸ்காட்லாந்து வீட்டுக்கும் ஒற்றுமை பாருங்கள்: அப்பா, அம்மா இருவரும் ஓட்டம், அம்மா பிள்ளை பெற்ற பிறகும் ஓடினார், பிள்ளை அதைப் பார்த்து வளர்ந்தது.

நம் வீட்டுப் பெண்கள்

தமிழ்நாட்டில் இப்படியொரு 800 மீட்டர் குடும்பம் உருவாகியிருக்கலாம். உருவாகவில்லை. ஏன் என்று யோசித்தால் வயிறு எரிகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன். செங்கல்சூளையில் உழைத்த பெற்றோரின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் பெண்கள் 800 மீட்டரில் 2:03.16 ஓடி வெள்ளி வென்றார். மாதுரிக்குச் சரியாக அடுத்த ஆசியப் போட்டி, அதே ஓட்டம், அதே வெள்ளி. ஹாங்சோவில் தங்கம் வென்ற நேரத்தைவிடவும் வேகமான ஓட்டம் அது. பாலினச் சோதனை என்று ஒன்றை நடத்தி, முடிவை ஊருக்கே தெரியவிட்டு, பதக்கத்தைப் பறித்தார்கள். சில வருடம் கழித்து அவரே செங்கல்சூளையில் கூலிக்கு நின்றார். 2016-ல்தான் தமிழக அரசு அவருக்கு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது. பத்து ஆண்டு. சுனிதா ராணிக்காக ஆய்வக அறிக்கையை வரிவரியாகப் படித்தவர்கள் சாந்திக்காக எதைப் படித்தார்கள் என்பது இன்னும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அடுத்து திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரலில், மறுபடி தோஹாவில், ஆசியத் தடகளச் சாம்பியன்ஷிப் 800 மீட்டர் தங்கம், 2:02.70. தமிழ்நாடே தலையில் தூக்கிவைத்து ஆடியது. பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நான்காண்டுத் தடை; தங்கமும் போனது. இருவர் கதையும் வேறு வேறு. சாந்திக்கு நடந்தது அநியாயம், கோமதிக்கு நடந்தது விதிப்படியான தண்டனை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனால் 800 மீட்டரில் ஆசியாவின் உச்சத்துக்குப் போன இரண்டு தமிழ்ப் பெண்களின் கையிலும் இன்று அந்தப் பதக்கம் இல்லை. இருவருமே அந்த உயரத்துக்கு வீட்டில் முதல் ஆளாகப் போனவர்கள். சர்வதேசப் போட்டியின் சட்டதிட்டம், சோதனை, மருந்துப் பட்டியல் என்று எதையும் முன்பே பட்டுத் தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லை.

அஞ்சரை மணிக்கு யாருடைய நேரம்?

மும்பைக்கு வருவோம். ஓட்டத்துக்கு இந்த ஊர் புதிதில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடிய முதல் பெண்களில் ஒருவரான மேரி டிசூசா பாந்திராக்காரர். 1971-ல் அர்ஜுனா விருது பெற்ற நடுத்தொலைவு ஓட்டக்காரர் எட்வர்ட் சிக்வெய்ராவும் இந்த நகரத்து ஆள்தான். சாதாராவிலிருந்து வந்த லலிதா பாபர், மும்பை மாரத்தானின் இந்தியப் பெண்கள் பிரிவில் வென்று பெயர் பெற்று, பிறகு 2016 ரியோவில் ஸ்டீபிள்சேஸ் இறுதிவரை போனார். பி.டி.உஷாவுக்குப் பின் ஒலிம்பிக் தனிநபர் டிராக் ஓட்டத்தின் இறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண். ஊர் ஆட்களையும் வெளியூர் ஆட்களையும் ஓடவைத்த நகரம், மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர் வீட்டுப் பெண்களை மட்டும் ஏன் ஓடவைக்கவில்லை?

ஓடுதளம் ஒரு காரணம். நானூறு மீட்டர் செயற்கை ஓடுதளம் வேண்டுமென்றால் நேப்பியன் சீ ரோட்டில் கடலை ஒட்டிய பிரியதர்ஷினி பார்க் போன்ற இடத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் காந்திவலியில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்துக்கு. தாராவி கிராஸ் ரோட்டிலிருந்து காந்திவலி என்றால் மாஹிம் வரை நடந்து, லோக்கல் பிடித்து, இறங்கி மறுபடி ஒரு வண்டி. செம்பூரிலிருந்து இன்னும் மோசம். மாட்டுங்காக்காரர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. அங்கே காலையில் நடப்பவர்கள் உண்டு, மெதுவோட்டம் ஓடுபவர்கள் உண்டு. ஆனால் 1500 மீட்டர் பயிற்சி என்பது நொடிக்கணக்குப் பார்த்து ஓடுவது. மரத்தைச் சுற்றி வந்தால் நடக்காது. மைதானங்களில் ஓடலாமே என்றால் ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை. மண் மைதானம் சேறு. வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நடுத்தொலைவு ஓட்டக்காரருக்கு நான்கு மாத இடைவெளி என்றால் அடித்தளத்தை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

ஆனால் ஓடுதளத்தைவிடப் பெரிய தடை கடிகாரத்தில் இருக்கிறது. ஓட்டப்பயிற்சி அதிகாலையில்தான். அஞ்சரைக்கு ஆரம்பித்து, வெயில் ஏறுமுன், பள்ளிக்கூட மணி அடிக்குமுன் முடிய வேண்டும். தாராவியின் திருநெல்வேலிச் சந்துகளில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? குழாயில் தண்ணீர் வரும். வரும்போது பிடிக்காவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. இட்லி வியாபாரம் செய்யும் வீட்டில் அதற்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கியிருக்கும். சட்னி அரைக்க, தட்டில் ஊற்ற, கேனில் அடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண் பிள்ளைதான். செம்பூர்க் குடியிருப்புகளில் குழாய் வசதி இருக்கலாம். அங்கே அந்த நேரம் டியூஷனுக்குச் சொந்தம். மாட்டுங்காவில் பாட்டு கிளாஸும் சேரும். எந்த வீட்டிலும் காலை ஐந்தரை மணி என்பது பெண் பிள்ளையின் கால்களுக்குச் சொந்தமாக இல்லை.

மாதுரியும் அமன்தீப்பும் தங்கள் மகளுக்குக் கொடுத்தது அந்தக் காலை நேரத்தை. இருவரும் ஓட்டக்காரர்கள் என்பதால் அதிகாலை என்றால் மைதானம் என்பது அந்த வீட்டில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். மகள் அதற்காகச் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. பசிக்கு என்ன சாப்பிட வேண்டும், மாதவிலக்கு நாளில் எவ்வளவு ஓடலாம், தோற்றுவிட்டு வந்தால் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது, எல்லாம் பழகிய வீடு. இதில் மரபணு எங்கே வருகிறது?

செம்பூர்ப் பக்கம் ஓர் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிப் போட்டியில் 800 ஓடி ஜெயித்திருக்கிறாள், பி.டி. சார் தொடர்ந்து ஓடவையுங்கள் என்கிறார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “ஓடினா வேலை கெடைக்குமா சார்?”

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரைக் கேலி செய்யும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கத் தெரியாதவர்கள் என்பார்கள். சம்பளம் நிச்சயமாக இருக்கிறவர்கள் எழுதியவை அவை. மாதுரி கர்ப்பிணியாக ஓடியது இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான். அந்த அப்பாவுக்கு நான் சொன்ன பதில்: கிடைக்கும், ஆனால் மாநில, தேசிய அளவில் பெயர் வர வேண்டும். இந்த நகரத்தில்தான் மத்திய ரயில்வேக்கும் மேற்கு ரயில்வேக்கும் தலைமை அலுவலகம் இருக்கிறது. இரண்டும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கும். உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய் நிறுவனங்களும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்தவைதான். போலீஸ் இருக்கிறது. மாவட்டப் போட்டி சர்டிபிகேட்டைக்கூடத் தொலைக்காமல் ஃபைல் போட்டு வையுங்கள்.

அவர் தலையாட்டினார். அடுத்து நான் கேட்டேன்: “காலையில அஞ்சரைக்கு அவ மைதானத்துக்குப் போயிட்டா வீட்டு வேலை யாரு பாப்பா?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பெரியவன் ஒருத்தன் எட்டு மணி வரைக்கும் தூங்கிக்கிட்டுதான சார் இருக்கான்” என்றார்.